‘ஓ’ வந்தால் உடையும் ஸ்கிரிப்ட்: பொதுக் களஞ்சியம் ஒன்றைப் புதுப்பித்த பதிவு

ஒருவர் தன் கணினிக்காக எழுதிக்கொள்ளும் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக அடுக்கிய சிறு நிரல், எவ்வளவு கோணலாக இருந்தாலும் பாதகமில்லை. அது எங்கே தடுக்கும், எதைத் தட்டினால் ஓடும் என்பது எழுதியவருக்குத் தெரியும். அதையே பொதுக் களஞ்சியத்தில், அதாவது பலர் பகிர்ந்துகொள்ளும் கோப்புத் தொகுப்பில், போட்டுப் பிறரும் எடுத்து ஓட்டத் தொடங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. எழுதியவருடைய கணினியில் சொல்லாமலே நடந்தவை எல்லாம் இன்னொருவருடைய கணினியில் நடப்பதில்லை. சர்வர் நிர்வாகிகள் பலர் சேர்ந்து பயன்படுத்தும் அப்படிப்பட்ட களஞ்சியம் ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில் என்ன செய்தோம், எங்கே நேரம் போனது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். களஞ்சியத்தில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் கட்டளை மொழியான விண்டோஸ் பவர்ஷெல் 5.1க்காக எழுதப்பட்டவை. கொஞ்சம் லினக்ஸ் பக்கத்துக் கட்டளை மொழியான பாஷ், கொஞ்சம் பைத்தான் 2, ஓர் ஓரத்தில் மைக்ரோசாஃப்டின் பழைய மொழியான விபிஸ்கிரிப்ட். பவர்ஷெல் 7இலும் 5.1இலும் ஒன்றுபோல ஓட வேண்டும் என்பது இலக்கு.

முதல் வேலை கழிப்பது. கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்ற தேதியைப் பார்த்துக் கழிக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பல வருடங்களாகக் கை படாத ஸ்கிரிப்ட், யாரும் பயன்படுத்தாததாகவும் இருக்கலாம். தினமும் இரவு, குறித்த நேரத்தில் ஓட்டிவிடும் டாஸ்க் ஷெட்யூலரில் பிசகாமல் ஓடுவதால் யாரும் தொட வேண்டிய தேவையே வராததாகவும் இருக்கலாம். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாறு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. எனவே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கேள்விதான்: இதை இன்று ஓட்டுகிறவர் யார்? கை தூக்க ஆள் இருந்தால் அது நீடிக்கும். ஆள் இல்லாதவை ‘பரண்’ என்ற கோப்புறைக்குப் போயின. அழிக்கவில்லை, ஆனால் அவற்றைப் பராமரிப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. நீடித்தவை ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு வரிகள் கட்டாயம்: என்ன செய்கிறது, எதை மாற்றுகிறது, எந்த உரிமை வேண்டும், குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு. இரண்டாவது வரியை எழுதும்போதுதான் சில ஸ்கிரிப்டுகள் ‘அறிக்கை எடுக்கும்’ என்று பெயர் வைத்துக்கொண்டு போகிற போக்கில் ஒரு சேவையையும் மறுதொடக்கம் செய்வது தெரியவந்தது.

இரண்டாவது வேலை ரகசியங்களைத் தேடுவது. இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளக் கூடாது. கடவுச்சொல் ஸ்கிரிப்டுக்குள் வெளிப்படையாக இருந்து, பிறகு யாரோ அந்த வரியை நீக்கியிருந்தாலும், கிட் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். பழைய கமிட்டை, அதாவது கிட் பதிந்து வைத்த பழைய நிலையை, திறந்து பார்க்கத் தெரிந்த எவருக்கும் அது கிடைக்கும். வரலாற்றையே மாற்றி எழுத கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி இருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது. ஆனால் வரிசை முக்கியம். முதலில் அந்தக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், பிறகுதான் வரலாற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். களஞ்சியத்தின் நகல் எத்தனை பேருடைய கணினியில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வெளியே போன கடவுச்சொல் போனதுதான். வரலாற்றைத் துடைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியடைகிறவர்கள் பூட்டை மாற்றாமல் சாவி தொலைந்த செய்தியை மட்டும் மறைக்கிறார்கள்.

புதிய ஸ்கிரிப்டுகளில் கடவுச்சொற்களை, ரகசியங்களைத் தனியே வைத்துத் தரும் சீக்ரெட் மேனேஜ்மென்ட் தொகுதி வழியாக எடுக்கும்படி மாற்றினோம். பவர்ஷெல்லின் செக்யூர்ஸ்ட்ரிங் என்ற தரவு வகையின் பெயரை நம்பி அதில் போட்டு வைப்பது விண்டோஸில் ஓரளவு காக்கும். லினக்ஸில் ஓடும் பவர்ஷெல்லில் அதன் உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்படுவதே இல்லை. பெயர் மட்டும் பாதுகாப்பாக இருக்கிறது.

அடுத்து, ஸ்கிரிப்டுகளில் குறை தேடும் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் அனலைசரை ஓட்டினோம். எச்சரிக்கைகள் மழையாகக் கொட்டின. இங்கே ஒரு சோதனை காத்திருக்கிறது: எச்சரிக்கை எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட வேண்டும் என்ற ஆசை. வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் நூறு வரிகளை அழகுக்காகத் திருத்தினால் அதில் ஒன்றிரண்டு உடையும். அதைக் கண்டுபிடிக்கச் சோதனைகளும் இன்னும் எழுதப்படவில்லை. எனவே சில விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். உரையையே கட்டளையாக ஓட்டும் இன்வோக்-எக்ஸ்பிரஷன் பயன்பாடு, வெளிப்படைக் கடவுச்சொல், பதிப்புப் பொருத்தம் பார்க்கும் விதிகள், மாற்றுப்பெயர்ப் பயன்பாடு ஆகியவை. கடைசி ஒன்று வெறும் நடை சார்ந்த விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பவர்ஷெல் 5.1இல் ‘கர்ல்’ என்று எழுதினால் அது இணையத்திலிருந்து எடுத்துத் தரும் இன்வோக்-வெப்ரிக்வெஸ்ட் என்ற கட்டளைக்கு மாற்றுப்பெயர். பவர்ஷெல் 6 முதல் அந்த மாற்றுப்பெயர் நீக்கப்பட்டுவிட்டது. அங்கே அதே சொல் விண்டோஸ் 10உடன் பின்னாளில் சேர்ந்து வந்த உண்மையான கர்ல் நிரலைக் கூப்பிடும். முதலாவது பொருளை, அதாவது பெயரிட்ட பண்புகளாகப் பிரிந்த தரவை, திருப்பித் தரும், இரண்டாவது வெறும் உரையைத் தரும். ‘சார்ட்’ இன்னும் மோசம். விண்டோஸில் அது பொருள்களை வரிசைப்படுத்தும் சார்ட்-ஆப்ஜெக்ட். லினக்ஸில் பவர்ஷெல் அந்த மாற்றுப்பெயரை வைத்துக்கொள்வதில்லை என்பதால் இயங்குதளத்தின் சொந்த சார்ட் நிரல் ஓடும். பொருள்கள் எல்லாம் உரையாகச் சிதைந்து, வரிசையும் வேறாக வரும். பிழைச் செய்தி ஏதும் வராது. முழுப் பெயரை எழுதினால் இந்த வம்பே இல்லை.

இனி தலைப்பில் சொன்ன எழுத்துக்கு வருகிறேன். இந்த வேலையில் அதிக நேரத்தைத் தின்றது இதுதான். தமிழில் செய்தி காட்டும் ஸ்கிரிப்ட் எழுதும் எவருக்கும் இது பயன்படும்.

களஞ்சியத்தில் சில ஸ்கிரிப்டுகள் பயனருக்குத் தமிழில் செய்தி காட்டும். அவற்றில் சில 5.1இல் ஓடின, சில ஓடவில்லை. ‘சேவை நின்றுவிட்டது’ என்ற செய்தி உள்ள ஸ்கிரிப்ட் ஓடியது, எழுத்துகள் மட்டும் குப்பையாகத் தெரிந்தன. ‘சேவை ஓடவில்லை’ என்ற செய்தி உள்ள ஸ்கிரிப்ட் தொடங்கவே மறுத்தது. சரத்துக்கு, அதாவது மேற்கோளுக்குள் இருக்கும் உரைக்கு, முடிவுக்குறி இல்லை என்று பிழை. அந்தப் பிழை சுட்டிய வரியோ கோப்பின் கடைசியில், தமிழே இல்லாத ஓர் இடத்தில். பவர்ஷெல் 7இல் இரண்டும் கச்சிதமாக ஓடின. பழைய பங்களிப்பாளர் ஒருவர் ஒரு கோப்பில் ‘தமிழுக்கு இரட்டை மேற்கோள் போடாதீர்கள், ஒற்றை போடுங்கள்’ என்று குறிப்பு எழுதி வைத்திருந்தார். இன்னொரு கோப்பில் வேறொருவர் அதற்கு நேர்மாறாக எழுதியிருந்தார். இருவர் சொன்னதும் சரி என்பதுதான் வேடிக்கை.

காரணம் பைட்டுகளில் இருக்கிறது. எழுத்துகளை எண்களாக, அதாவது பைட்டுகளாக, எழுதும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் மூன்று பைட்டுகள். ‘ஓ’ என்பது 224, 174, 147. கோப்பின் தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி, அதாவது 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள் இருந்தால், பவர்ஷெல் 5.1 அதை யூடிஎஃப்-8 என்று அடையாளம் கண்டுகொள்ளும். இல்லாவிட்டால் கணினியின் பழைய குறிப்பக்கத்தின்படி, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பழைய அட்டவணையின்படி, படிக்கும். பெரும்பாலான கணினிகளில் அது விண்டோஸ்-1252. அந்தக் குறிப்பக்கத்தில் 147 என்பது வளைந்த இரட்டை மேற்கோள்குறி. வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறவர்களுக்கு உதவுவதற்காக, பவர்ஷெல் வளைந்த மேற்கோள்குறியையும் நேர் மேற்கோள்குறியையும் ஒன்றாகவே கருதுகிறது. விளைவு: இரட்டை மேற்கோளுக்குள் ‘ஓ’ வந்ததும் சரம் அங்கேயே முடிந்துவிட்டதாக அது எண்ணிக்கொள்கிறது. உண்மையான முடிவு மேற்கோள் புதிய சரத்தின் தொடக்கமாகிவிடுகிறது. அதன் பிறகு கோப்பு முழுவதும் உள்ளே இருப்பது வெளியே, வெளியே இருப்பது உள்ளே. அதனால்தான் பிழை கடைசி வரியில் காட்டப்பட்டது.

பட்டியலை முழுதாகப் போட்டுப் பார்த்தேன். இரட்டை மேற்கோளை உடைப்பவை ‘ஓ’வும் ‘ஔ’வும், கடைசி பைட்டுகள் 147, 148. ஒற்றை மேற்கோளை உடைப்பவை ‘ஒ’வும், நெடில் ஊகாரக் குறியும். ‘ஒ’வின் கடைசி பைட் 146, அது வளைந்த ஒற்றை மேற்கோள். ‘கூ’, ‘மூ’, ‘நூ’ என்று எழுதும்போது வரும் ஊகாரக் குறி 224, 175, 130. அந்த 130 கீழே விழுந்த ஒற்றை மேற்கோள்குறி, அதையும் பவர்ஷெல் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ‘ஓடவில்லை’ என்பதை ஒற்றை மேற்கோளுக்கு மாற்றியவர் தப்பித்தார். ‘கூடுதல் இடம் தேவை’ என்பதை இரட்டைக்கு மாற்றியவரும் தப்பித்தார். ‘மூன்று சேவைகள் ஓடவில்லை’ என்று எழுதுகிறவருக்கு இரண்டு வழியும் அடைப்பு. இதில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. ஒரே சரத்தில் இரண்டு ‘ஓ’ வந்தால் மேற்கோள் கணக்கு இரட்டைப்படையாகச் சமன்பட்டு, பிழையே வராமல் ஸ்கிரிப்ட் ஓடிவிடக் கூடும். குப்பை எழுத்து வருகிறதே என்று மட்டும் நினைத்து விட்டுவிடுவோம்.

குறிப்புரைகளில் இந்த எழுத்துகள் எதுவும் தீங்கு செய்யாது. அங்கே மேற்கோளுக்கு மதிப்பில்லை. எனவே தமிழில் குறிப்பு எழுதுவதைக் கைவிட வேண்டியதில்லை.

தீர்வு எளிது என்று தோன்றும்: பிஎஸ்1 கோப்புகளை, அதாவது பவர்ஷெல் ஸ்கிரிப்டுகளை, எல்லாம் பைட் வரிசைக் குறியோடு சேமித்துவிட்டால் போயிற்று. அனலைசரிலேயே அதற்கு ஒரு விதி இருக்கிறது. ஆனால் எங்கள் ஸ்கிரிப்டுகளில் சில லினக்ஸிலும் நேரடியாக ஓட வேண்டியவை. அங்கே கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் கட்டாயம் 35, 33 ஆக, அதாவது ‘#!’ ஆக, இருக்க வேண்டும். இயங்குதளத்தின் மையமான கர்னல் அதைப் பார்த்துத்தான் எந்த நிரலைக் கூப்பிடுவது என்று முடிவு செய்கிறது. முன்னால் மூன்று பைட் குறி உட்கார்ந்தால் அந்த அடையாளம் கெட்டுவிடும். ஒரு தளத்துக்குக் குறி வேண்டும், இன்னொன்றுக்குக் கூடாது.

கடைசியில் செய்தது இது. தமிழ்ச் சரங்கள் அனைத்தையும் ஸ்கிரிப்டிலிருந்து வெளியே எடுத்து, தனியாக ஒரு பிஎஸ்டி1 தரவுக் கோப்பில் வைத்தோம். இம்போர்ட்-லோக்கலைஸ்டுடேட்டா என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது. பயனரின் மொழிக்கு ஏற்ற கோப்புறையிலிருந்து செய்திகளை எடுத்துக்கொள்ளும். தரவுக் கோப்பை யாரும் நேரடியாக ஓட்டுவதில்லை என்பதால் அதில் பைட் வரிசைக் குறியைத் தாராளமாக வைக்கலாம். சரங்களில் வெறும் ஆஸ்கி, அதாவது அடிப்படை ஆங்கில எழுத்துக்குறிகள், மட்டும் கொண்ட ஸ்கிரிப்ட், குறி இல்லாமல், இரண்டு இடத்திலும் ஓடும். கோப்புறைக்கு ஒரு நாட்டின் தமிழ் என்று பெயர் வைக்காமல் பொதுவாகத் தமிழின் இரண்டெழுத்து மொழிக் குறியீட்டை மட்டும் வைத்தால், இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எந்தத் தமிழ் அமைப்பில் இருந்தாலும் தேடல் கடைசியில் அங்கே வந்து சேரும். இன்னொரு லாபம்: செய்தியில் எழுத்துப்பிழை திருத்த வருகிறவர் ஸ்கிரிப்டைத் தொட வேண்டியதில்லை. பழைய கன்சோல் சாளரத்தில் தமிழ் சதுரம் சதுரமாகத்தான் தெரியும். அதை நம்மால் மாற்ற முடியாது; விண்டோஸ் டெர்மினலில் நிலைமை தேவலை. குறியாக்கத்தைச் சரியாகச் சொன்னால் பதிவுக் கோப்பில் சரியாக விழும்.

எழுதுவதில் உள்ள பொறியைவிட வெளியிடுவதில் உள்ள பொறி ஆபத்தானது. பவர்ஷெல் 5.1இல், அட்டவணையைக் காற்புள்ளியிட்ட உரைக் கோப்பாக (சிஎஸ்வி) எழுதும் எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி கட்டளையின் இயல்புநிலைக் குறியாக்கம் ஆஸ்கி. பயனர் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் இருந்தால் அத்தனையும் கேள்விக்குறிகளாகிவிடும். இது தோற்றக் குறை அல்ல. தகவலே அழிந்துவிட்டது, மீட்க வழியில்லை. அதே 5.1இல் அவுட்-ஃபைல் யூடிஎஃப்-16 எழுதும், செட்-கன்டென்ட் பழைய குறிப்பக்கத்தில் எழுதும். ஒரே மொழி, ஒரே பதிப்பு, மூன்று கட்டளைகள், மூன்று குறியாக்கங்கள். பவர்ஷெல் 6 முதல் எல்லாம் குறியில்லாத யூடிஎஃப்-8 என்று ஒழுங்குபடுத்திவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் அந்தச் சிஎஸ்வியை இருமுறை சொடுக்கி எக்ஸெலில் திறந்தால், குறி இல்லாததால் தமிழ் மறுபடியும் குப்பையாகிறது. அலுவலகத்தில் அறிக்கை வாங்குகிறவர்கள் அப்படித்தான் திறப்பார்கள். இறக்குமதி வழியாகத் திறங்கள் என்று பாடம் எடுத்துப் பயனில்லை.

குறியோடு எழுது என்று வெளிப்படையாகச் சொல்லலாமே என்றால், அங்கேயும் பெயர்க் குழப்பம். 5.1இல் யூடிஎஃப்8 என்று குறிப்பிட்டாலே குறியோடு எழுதும். 7இல் அதே சொல் குறியில்லாமல் எழுதும். குறி வேண்டுமானால் யூடிஎஃப்8பிஓஎம் என்று சொல்ல வேண்டும், அந்தப் பெயர் 5.1க்குத் தெரியாது. பதிப்பைச் சோதித்துக் கிளை பிரிப்பதைவிட, பவர்ஷெல்லுக்கு அடித்தளமான டாட்நெட்டின் கோப்பு எழுதும் வசதியை நேரடியாகக் கூப்பிட்டு, குறி வேண்டும் என்று அங்கே சொல்லிவிடுவது எனக்குப் பிடித்த வழி. இரண்டு பதிப்பிலும் விளைவு ஒன்றே. ஒரே ஒரு எச்சரிக்கை: முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். பவர்ஷெல்லில் நாம் எந்தக் கோப்புறைக்கு மாறியிருக்கிறோம் என்பதை டாட்நெட் பொருட்படுத்துவதில்லை. வெறும் கோப்புப் பெயரைக் கொடுத்தால் அறிக்கை வேறெங்கோ போய் விழும். எழுதவே இல்லை என்று தேடிக்கொண்டிருப்போம். இதற்கு ஒரு சிறு பொதுச் செயற்கூறு எழுதி, சிஎஸ்வி எழுதும் எல்லா ஸ்கிரிப்டுகளும் அதையே கூப்பிடும்படி செய்தோம். 5.1 தன்போக்கில் முதல் வரியில் சேர்க்கும் வகைக் குறிப்பையும் அந்தச் செயற்கூறே தடுத்துவிடுகிறது.

நீக்கப்பட்ட கட்டளைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிழைச் செய்தியே இடத்தைக் காட்டிவிடும். கணினியின் விவரங்களைக் கேட்டு வாங்கும் கெட்-டபிள்யூஎம்ஐஆப்ஜெக்ட் பவர்ஷெல் 7இல் இல்லை, கெட்-சிஐஎம்இன்ஸ்டன்ஸ் பயன்படுத்த வேண்டும். பெயரைத் தேடி மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது, அவ்வளவுதான். பழையது தேதிகளை நீண்ட எண் சரமாகத் தரும். புதியது உண்மையான தேதியாகவே தரும். சரத்தைத் தேதியாக மாற்றும் பழைய வரி அப்படியே இருந்தால் அங்கே உடையும். தொலைக் கணினியை எட்டும் வழியும் வேறு. பழையது டிகாம் என்ற பழைய நெறிமுறை வழியாக 135ஆம் போர்ட்டில் தொடங்கிப் பிறகு வேறு போர்ட்டுகளுக்குத் தாவும். புதியது தொலை நிர்வாகத்துக்கான வின்ஆர்எம் வழியாக, இயல்பாக 5985இல் போகும். என் கணினியில் ஓடுகிறது, சர்வரை மட்டும் எட்டவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு விடை ஃபயர்வாலில் இருந்தது. பழைய வழி மட்டுமே திறந்திருக்கும் இடங்களில், டிகாம் நெறிமுறையைக் கேட்டு ஒரு சிஐஎம் அமர்வு திறக்கலாம். ஸ்கிரிப்டில் அதை ஓர் அளவுருவாக வைத்தோம். நிகழ்வுப் பதிவுகளைப் படிக்கும் கெட்-ஈவென்ட்லாக் என்ற கட்டளைக்குப் பதில் கெட்-வின்ஈவென்ட். வடிகட்டலைக் கட்டளையிடமே ஒப்படைக்காமல், எல்லாப் பதிவுகளையும் வாங்கிய பிறகு வடிகட்டினால் ஆமை வேகம்.

பாஷ் பகுதி விரைவில் முடிந்தது. ஷெல்செக் என்ற கருவி இருக்கும்போது அங்கே புலம்ப இடமில்லை. மேற்கோள் போடாத மாறிகளையும், கோப்புறை மாறுவது தோற்றால் என்ன ஆகும் என்று யோசிக்காத வரிகளையும் அது ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்துவிடும். அடுத்த வரி அழிக்கும் கட்டளையாக இருந்தால் இந்த இரண்டாவது வகை எவ்வளவு ஆபத்தானது என்று விளக்க வேண்டியதில்லை. அது முழுதாகப் பிடிக்காத மூன்றைச் சொல்கிறேன். முதல் வரியில் வெறும் ‘எஸ்எச்’ என்று எழுதிவிட்டு பாஷின் வசதிகளைப் பயன்படுத்துவது: டெபியன், உபுண்டு இரண்டிலும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது பாஷ் அல்ல, டாஷ் என்ற வேறொரு நிரல். இதை ஷெல்செக் சுட்டும். ஆனால் ஸ்கிரிப்டை ‘எஸ்எச் கோப்புப்பெயர்’ என்று கையால் கூப்பிடும் பழக்கத்தை அதனால் சுட்ட முடியாது. இரண்டாவது, மேக் கணினியில் உடன் வருவது பாஷ் 3.2, சொற்களைச் சாவியாகக் கொண்ட அணிவரிசைகள் 4ஆம் பதிப்பில்தான் வந்தன. மூன்றாவது, நேற்றைய தேதியைக் கணக்கிடும் கட்டளை. லினக்ஸில் உள்ள குனு வடிவத்துக்கும் மேக்கில் உள்ள பிஎஸ்டி வடிவத்துக்கும் அதன் விருப்பங்கள் வேறு வேறு. விண்டோஸில் திருத்திய பாஷ் கோப்பு வரி முடிவில் கூடுதல் பைட்டைச் சுமந்துகொண்டு லினக்ஸில் ‘இல்லாத நிரல்’ என்று அழுவதைத் தடுக்க, கிட் அட்ரிபியூட்ஸ் கோப்பில் இந்தக் கோப்புகளுக்கு வரிமுடிவை ஒருமுறை அறிவித்துவிட்டால் போதும். ஒவ்வொருவரையும் தத்தம் கிட் அமைப்பை மாற்றச் சொல்வது நடக்காத காரியம்.

பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. மீதமிருந்த ஸ்கிரிப்டுகளில் பலவற்றுக்கு இப்போது தயாரான கட்டளைகளே இருப்பதால் பரணுக்குப் போயின. மாற்ற வேண்டியவற்றில், அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லை என்பது போன்ற பிழைகளைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அவை ஓட மறுத்துத் தாமாகவே கை தூக்கிவிடும். பயமுறுத்துவது வகுத்தல். 7ஐ 2ஆல் வகுத்தால் பைத்தான் 2 மூன்று என்று சொல்லும், பைத்தான் 3 மூன்றரை என்று சொல்லும். வட்டில் மீதமுள்ள இடத்தைச் சதவீதமாகக் கணக்கிட்டு எச்சரிக்கை அனுப்பும் ஸ்கிரிப்டில் இது பிழையே காட்டாமல் எல்லைக்கோட்டை நகர்த்திவிடும். எனவே வகுத்தல் குறி வரும் ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்து, முழு எண்தான் வேண்டுமென்றால் இரட்டைச் சாய்வுக்கோடு என்று தெளிவாக எழுதினோம். தானியங்கி மாற்றுக் கருவியால் எழுதியவரின் நோக்கத்தை ஊகிக்க முடியாது.

விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் அறிவித்தது. இப்போது அது விண்டோஸில் தேவைப்பட்டால் சேர்க்கும் அம்சமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் கோப்புகளை வரிக்கு வரி மொழிமாற்ற முயலவில்லை. ‘பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போ’ என்று முதல் வரியில் எழுதிவிட்டு ஓடும் ஸ்கிரிப்டை வரிக்கு வரி மாற்றினால் அதன் மௌனத்தையும் சேர்த்தே மாற்றுகிறோம். என்ன விளைவு வேண்டும் என்று பயன்படுத்துகிறவரிடம் கேட்டு, பவர்ஷெல்லில் புதிதாக எழுதுவதே குறைந்த வேலை.

சோதனைகளை, பவர்ஷெல்லுக்கான சோதனைக் கருவியான பெஸ்டர் 5இல் எழுதினோம். விண்டோஸ் 10உடன் வருவது 3.4, இரண்டுக்கும் இலக்கணம் வேறு என்பதால் புதியதைத் தனியாக நிறுவ வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் சோதனை ஓடும், விண்டோஸில் 5.1, 7 இரண்டிலும். எல்லாவற்றையும் சோதிக்கவில்லை. பொதுச் செயற்கூறுகளையும், எதையாவது அழிக்கும் அல்லது மாற்றும் ஸ்கிரிப்டுகளையும் மட்டும்தான். இரண்டாவது வகைக்கு ஒரு நிபந்தனையும் வைத்தோம்: வாட்இஃப் என்று கேட்டால் என்ன செய்யப்போகிறது என்று சொல்லிவிட்டு எதையும் செய்யாமல் நிற்க வேண்டும். அந்த வசதி இல்லாத பங்களிப்பை இணைப்பதில்லை. சிஎஸ்வி செயற்கூறுக்கான சோதனைத் தரவில் ஒ, ஓ, ஔ, கூ நான்கும் வரும்படி ஒரு கற்பனைப் பயனர் பட்டியல் இருக்கிறது. தரவுக் கோப்புகளின் முதல் மூன்று பைட்டுகளையும், ஸ்கிரிப்டுகளின் சரங்களில் ஆஸ்கிக்கு வெளியே எதுவும் இல்லை என்பதையும் தனிச் சோதனை பார்க்கிறது. எடிட்டர்களுக்கு விதி சொல்லும் எடிட்டர்கன்ஃபிக் கோப்பில் பிஎஸ்டி1க்குக் குறியோடு என்று எழுதி வைத்திருந்தாலும், அதை மதிக்காத எடிட்டரில் திருத்தி அனுப்புகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கையொப்பமிடுவது கடைசிக் கட்டம். டிஜிட்டல் கையொப்பம் கோப்பின் உள்ளடக்கத்தின்மீது கணக்கிடப்படுவதால், பிறகு ஒரு காற்புள்ளி மாறினாலும் செல்லாது. கிட் வரிமுடிவுகளை மாற்றினால்கூடச் செல்லாது. எனவே வெளியீட்டுக் கோப்புகளுக்கு வரிமுடிவு மாற்றத்தையே அணைத்துவிட வேண்டும். நேர முத்திரையும் சேர்த்து இட வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழ் காலாவதியாகும் நாளில் பழைய வெளியீடுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் செல்லாதவையாகும். கையொப்பம் இல்லாத ஸ்கிரிப்டைத் தடுக்கும் இயக்கக் கொள்கை, கெட்ட எண்ணம் உள்ளவரைத் தடுக்கும் வேலி அல்ல. தவறி ஓட்டிவிடாமல் இருக்கத்தான். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இன்னும் சில ஸ்கிரிப்டுகள் 5.1ஐ விட்டு நகரவில்லை. அவை நம்பியிருக்கும் பழைய தொகுதிகள் முழு டாட்நெட் ஃபிரேம்வொர்க் இல்லாமல் ஏறாது. பவர்ஷெல் 7, பின்னணியில் 5.1ஐ ஓட்டி அத்தொகுதிகளை ஏற்றிக்கொள்ளும் வசதியைத் தருகிறது. ஆனால் அந்த வழியாக வரும் பொருள்களில் தரவு மட்டுமே இருக்கும், அவற்றின் செயல்களைக் கூப்பிட முடியாது. வெறும் பட்டியல் எடுக்கும் ஸ்கிரிப்டுகளுக்கு அது போதும் என்பதால் அவற்றை மாற்றிவிட்டோம். மற்றவற்றின் முதல் வரியில் ‘டெஸ்க்டாப் பதிப்பு கட்டாயம்’, அதாவது 5.1 வேண்டும், என்ற நிபந்தனை இருக்கிறது. 7இல் ஓட்டினால் பாதியில் உடையாமல் தொடக்கத்திலேயே காரணம் சொல்லி நின்றுவிடும். அத்தொகுதிகளுக்குப் புதிய பதிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். வரும்வரை அவை தனிக் கோப்புறையில், தனிச் சோதனை வரிசையில் ஓடுகின்றன.